ஒரு பங்கும் உங்கள் தம்பியின் பெயரும்

விரிப்பின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டு ஓயாமல் கதைத்த என் மரகதம் அக்காவுக்கு,

நீங்கள் போய் ஒரு பனிக்காலமும் முடிந்துவிட்டது. ஒஸ்லோவின் ரொம்சோஸ் பகுதியில் உங்கள் வீட்டில் இப்போது ஒரு சோமாலியக் குடும்பம் இருக்கிறது. நல்ல சனங்கள். நீங்கள் புளிச்சகீரை வளர்க்கப் பார்த்துத் தோற்ற தொட்டிகளை அவர்கள் எறியவில்லை. அவற்றில் பிளாஸ்டிக் பூக்களைக் குத்தி வைத்திருக்கிறார்கள். அந்தத் தொட்டிகளில் ஏதாவது நிமிர்ந்து நிற்பதை இப்போதுதான் முதல்முறை பார்க்கிறேன்.

சலவை ஆலையில் உங்கள் இடத்துக்கு ஒரு போலந்துக்காரர் வந்திருக்கிறார். அவரும் கதைக்க மாட்டார், நானும் கதைக்க மாட்டேன். போன கிழமை மேற்பார்வையாளர் வந்து, உங்களுக்குள் ஏதாவது சண்டையா என்று கேட்டுவிட்டுப் போனார். இல்லை என்று இருவரும் தலையை ஆட்டினோம்.

ஆனால் உங்களுக்குச் சொல்ல வேண்டிய செய்தி இதுவல்ல. நான் கூட்டத்துக்குப் போனேன், அக்கா. வாயைத் திறந்தேன்.

இந்தக் கடிதம் நம்மவர்களின் ஆண்டு மலரில் வரப்போகிறது. உங்களைத் தெரியாதவர்களும் வாசிப்பார்கள். அதனால் உங்களுக்குத் தெரிந்ததையும் இடையிடையே சொல்ல வேண்டியிருக்கிறது. பொறுத்துக்கொள்ளுங்கள். நீங்கள் சொன்னதையே எனக்கு எத்தனை தரம் திரும்பச் சொல்லியிருப்பீர்கள்? நான் ஒருநாளாவது முறைப்பட்டேனா?

நான் படிப்பை விட்டது உங்களுக்குத் தெரியும். மேல்நிலைப் பள்ளியில் எல்லாப் பாடத்துக்கும் வகுப்பின் முன்னால் நின்று பேச வேண்டும். அப்படியான நாட்களில் எனக்கு வயிற்றுவலி வரும், வீட்டில் நிற்பேன். வயிற்றுவலி கூடிக்கூடி, கடைசியில் பள்ளிக்கூடமே இல்லாமல் போய்விட்டது. அப்பா ஒரு மாதம் என்னோடு கதைக்கவில்லை. எனக்கு அது பெரிய வித்தியாசமாகத் தெரியவில்லை.

சலவை ஆலையில் வேலை எடுத்ததே, அங்கே இயந்திரச் சத்தத்தில் யாரும் கதைக்க முடியாது என்று நம்பித்தான். மருத்துவமனைகளின் படுக்கை விரிப்புகள் அங்கே வரும். இயந்திரம் மடிக்காத பெரிய விரிப்புகளை இரண்டு பேர் ஆளுக்கொரு முனையாகப் பிடித்து மடிக்க வேண்டும். மடிக்க மடிக்க இருவரும் கிட்ட வருவோம். அப்படிக் கிட்ட வந்த முதல் விரிப்பிலேயே நீங்கள் உங்கள் முனையைத் தராமல் இறுக்கிப் பிடித்தீர்கள்.

"பேரென்ன புள்ள?"

நான் நிலத்தைப் பார்த்தேன்.

"பேரைச் சொன்னாத்தான் துணி வரும்."

"துஷா."

"வந்துச்சு பாரு சத்தம். ஊமைப் புள்ளைன்னு நெனச்சு, சைகை கத்துக்கணுமோன்னு காலையிலயே கவலப்பட்டுட்டேன்."

அன்றிலிருந்து ஒவ்வொரு விரிப்புக்கும் ஒரு கேள்வி. ஒஸ்லோ மருத்துவமனைகளில் படுத்திருந்த நோயாளிகள் எல்லோரும் என்னுடைய பதில்களின்மேல்தான் படுத்திருந்தார்கள்.

அம்மருட்டில் எங்கள் வீட்டுக்கு உங்களை முதல்முறை கூட்டி வந்த நாள் நினைவிருக்கிறதா? அப்பாவுக்கு உங்களை எந்தத் தட்டில் வைப்பதென்று தெரியவில்லை.

"நீங்கள் இந்தியாவோ?"

"பர்மாங்கண்ணே."

"வேலைக்குப் போனனீங்களோ?"

"பொறந்ததே அங்கதான். எங்க தாத்தா காலத்துலயே போயிட்டோம்."

அப்பா தேநீரை வைத்துவிட்டு யோசித்தார். பர்மாவில் தமிழர் இருப்பது அவருக்குத் தெரியும். அதில் ஒருவர் தன் சோபாவில் வந்து இருப்பார் என்றுதான் அவர் எதிர்பார்க்கவில்லை. "அப்ப இஞ்சை எப்பிடி வந்து சேந்தனீங்கள்?" என்றார்.

"எல்லாம் அந்த காஸ் குழாயால வந்ததுண்ணே."

நீங்கள் குழாய்க்குள்ளால் தவழ்ந்து வந்ததாகவே அப்பா கொஞ்ச நேரம் நம்பியிருப்பார் என்று நினைக்கிறேன். அவர் பார்வை உங்கள் முழங்கால் பக்கம் போனது.

பிறகு நீங்கள் சொன்னீர்கள். உங்கள் ஊருக்கு எதிர்க் கடலில் எரிவாயு இருந்தது. வெளிநாட்டுக் கம்பனிகள் பணம் போட்டன. நாட்டை ஆண்ட இராணுவத் தளபதிகள் கையெழுத்துப் போட்டார்கள். காட்டை வெட்டி, தாய்லாந்து எல்லை வரைக்கும் குழாய் போனது. குழாய்க்குக் காவல் என்று பட்டாளம் வந்து உங்கள் ஊரைச் சுற்றி முகாம் போட்டது. முகாம் கட்ட, பாதை வெட்ட, சிப்பாய்களின் அரிசி மூட்டையும் குண்டுப் பெட்டியும் சுமக்க, வீட்டுக்கு ஒரு ஆள் வர வேண்டும் என்றார்கள். உங்கள் வீட்டிலிருந்து தம்பி இரத்தினவேல் போனான். போன மற்றவர்கள் ஆளுக்கொரு காயத்தோடு திரும்பி வந்தார்கள். அவன் வரவில்லை. நீங்கள் முகாமுக்குப் போய்க் கேட்டபோது, அப்படி ஒரு ஆளே இங்கே வரவில்லை என்றார்கள். கேட்டதற்காக அடுத்த நாள் உங்களைத் தேடி வந்தார்கள். நீங்கள் எல்லையைத் தாண்டினீர்கள்.

இதையெல்லாம் நீங்கள் சிரித்துச் சிரித்துத்தான் சொல்வீர்கள். "குழாய் காலுக்குக் கீழதான் போச்சு, பாரம் மட்டும் தல மேல" என்பீர்கள். "எங்க காஸ்ல தாய்லாந்துக்காரன் ஏசி போட்டுக்குறான், எங்களுக்கு விசிறி சுத்த கரண்ட் இல்ல" என்பீர்கள். அம்மா சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் உங்கள் தட்டில் இன்னும் ஒரு நீத்துப்பெட்டிப் புட்டைக் கவிழ்த்தார்.

ஒருநாள் ஆலையில் இயந்திரம் உங்கள் விரலைக் கீறியது. ஒரு சொட்டு இரத்தம். மேற்பார்வையாளர் ஓடி வந்தார், தொழிற்சங்கத்துப் பெண் வந்தார், பாதுகாப்புக்குப் பொறுப்பானவர் கமராவோடு வந்து இயந்திரத்தைப் படம் எடுத்தார். இது இனிமேல் நடக்கக் கூடாது என்று கூடி நின்று கதைத்தார்கள். நீங்கள் கட்டுப் போட்ட விரலைத் தூக்கிப் பார்த்துக்கொண்டே இருந்தீர்கள்.

"ஒரு விரலுக்கு மூணு பேரு தேடி வந்து விசாரிக்கிறாங்க புள்ள. எங்க தம்பி முழு ஆளு."

அன்றைக்கு நீங்கள் சிரிக்கவில்லை. நான் பார்த்தேன்.

அந்த எரிவாயு வேலையில் ஒஸ்லோவிலிருந்தும் ஒரு கம்பனி முதலீடு செய்திருக்கிறது என்று உங்கள் பர்மியக் கூட்டாளிகள் சொன்னபோது, நீங்கள் கோபப்படுவீர்கள் என்று நினைத்தேன். உங்களுக்குச் சந்தோஷம். "அப்ப மொதலாளி பக்கத்துலயே இருக்காரு. பஸ் புடிச்சுப் போயி கேட்டுட்டு வந்துரலாம்" என்றீர்கள். கம்பனியின் பெயரை இங்கே எழுத வேண்டாம் என்று அப்பா சொல்கிறார். வழக்குப் போட்டால் எங்களிடம் இருந்து எடுப்பதற்குச் சோபா மட்டும்தான் இருக்கிறது, அதுவும் தவணையில் வாங்கியது.

ஒரேயொரு பங்கு வைத்திருந்தாலும் ஆண்டுக் கூட்டத்தில் எழும்பிக் கேள்வி கேட்கலாம் என்று யாரோ சொல்லித் தந்து, நீங்கள் ஒரு பங்கு வாங்கினீர்கள். போய்க் கேட்கவும் செய்தீர்கள். ஆனால் உங்கள் நோர்வேஜியமொழி சலவை ஆலையில் படித்தது. அதில் சூடு, ஈரம், கறை, இடைவேளை, கொஞ்சம் தள்ளு எல்லாம் இருந்தன. கட்டாய உழைப்பு இருக்கவில்லை. தலைவர் மிக அன்பாக நன்றி சொன்னாராம். பர்மாவில் தாங்கள் எல்லோருடனும் உரையாடி வருவதாகவும் சொன்னாராம்.

"பட்டாளத்துக்காரனும் உரையாடித்தான் தம்பியைக் கூட்டிட்டுப் போனான்" என்று அடுத்த நாள் விரிப்பின் அந்தப் பக்கத்திலிருந்து சொன்னீர்கள். "அவன் பேசினான், நாங்க கேட்டோம்."

பிறகு என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தீர்கள். எனக்கு அந்தப் பார்வை பிடிக்கவில்லை.

"உனக்கு பாஷை இருக்கு, வாய் இல்ல. எனக்கு வாய் இருக்கு, பாஷை இல்ல. ரெண்டு பேரையும் தச்சா ஒரு ஆளு தேறும்."

அந்த மார்கழியில் எனக்குப் பதினெட்டு வயதானது. நீங்கள் ஒரு உறையைத் தந்து, "உனக்கு ஒரு கம்பெனி வாங்கியிருக்கேன்" என்றீர்கள். உள்ளே என் பெயரில் ஒரு பங்கு. அம்மா உறையை மறுபக்கம் திருப்பிப் பார்த்தார். பொன் ஏதாவது விழும் என்று நினைத்தாரோ தெரியாது. அப்பா கண்ணாடியைப் போட்டு வாசித்துவிட்டு, "எங்களுக்கு எங்கடை பிரச்சினை போதாதோ, பிள்ளை? இதுக்குள்ளை பர்மாவும் வேணுமோ?" என்று என்னைத்தான் கேட்டார். உங்களைக் கேட்க அவருக்குப் பயம்.

அப்போதே உங்கள் உடம்பில் வருத்தம் இருந்தது. எங்களுக்குத்தான் தெரியாது. அடுத்த ஐப்பசியில் மருத்துவமனையில் உங்களைப் பார்த்தபோது, இரத்தத்தில் புற்றுநோய் என்று சொன்னார்கள். நீங்கள் படுத்திருந்த விரிப்பின் மூலையைத் தூக்கிப் பார்த்து, "இது நம்ம மடிச்சது இல்ல, கோணலா இருக்கு" என்றீர்கள். பிறகு என் கையைப் பிடித்தீர்கள்.

"கூட்டத்துக்குப் போவியா? அவன் பேரை அங்க சொல்லுவியா? சொன்னா மட்டும் பத்தாது. அவங்க எழுதணும். எங்க ஊர்ல அப்படி ஒருத்தன் வரவே இல்லைன்னுட்டாங்க. எங்கயாவது ஒரு எடத்துல அவன் பேரு எழுதியிருக்கணும் புள்ள."

நான் தலையாட்டினேன்.

"தலையாட்டினா மைக்குல கேக்காது" என்றீர்கள்.

அதுதான் நீங்கள் எனக்குச் சொன்ன கடைசி வசனம். மற்றவர்களுக்கு எல்லாம் அவர்களை விட்டுப்போனவர்கள் நன்றாக இரு, படி, அம்மாவைப் பார்த்துக்கொள் என்று சொல்லிவிட்டுப் போகிறார்கள். எனக்கு மட்டும் ஏன் அக்கா இப்படி?

இளவேனிலில் கூட்ட அழைப்பு வந்தது. நகரத்தில் பெரிய ஹோட்டலில். அம்மாவுக்கு அந்த ஒரு சொல்லே போதுமாயிருந்தது.

"குமர்ப்பிள்ளை தனிய ஹோட்டலுக்குப் போறதோ? நானும் வாறன்."

"அம்மா, பங்கு இருந்தாத்தான் உள்ளுக்கு விடுவினம்."

"நான் பெத்த பிள்ளையிலை எனக்குப் பங்கு இல்லையோ?"

வாசலில் பதிவு செய்த பெண் நல்லவர். பங்குதாரர் ஒரு ஆலோசகரைக் கூட்டி வரலாம் என்று சட்டத்தில் இருக்கிறதாம். அம்மாவின் சேலையில் "ஆலோசகர்" என்று ஒரு அட்டையைக் குத்திவிட்டார். இத்தனை வருடமாக வீட்டில் பார்த்த வேலைக்கு அம்மாவுக்கு அன்றுதான் பதவி கிடைத்தது. என்னிடம் வாக்கு அட்டை ஒன்றைத் தந்தார். அதில் பெரிதாக "1" என்று அச்சடித்திருந்தது.

பக்கத்தில் ஒரு வயதான நோர்வேஜியர் இருந்தார். முதல் முறையா என்று கேட்டார். ஓம் என்றேன். "முடிந்த உடனே இறால் ரொட்டி வைப்பார்கள். கதவுக்குக் கிட்ட உள்ளவர்கள் முந்திவிடுவார்கள். எழும்புவதற்குத் தயாராக இரு" என்று மெதுவாகச் சொன்னார். வருடாவருடம் அதற்காகத்தான் வருகிறாராம். இறால் போனமுறை சின்னதாய் இருந்ததைப் பற்றி ஒரு கேள்வி கேட்கலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தார்.

திரையில் படங்கள் போட்டார்கள். பச்சைக் காடு. மஞ்சள் தொப்பி போட்டுச் சிரிக்கும் ஆட்கள். உங்கள் ஊர் அவ்வளவு வடிவான ஊர் என்று நீங்கள் சொல்லவேயில்லையே. பிறகு கேள்விகள் உண்டா என்றார் தலைவர். என் கை எழும்பவில்லை. அம்மா என் முழங்கையைப் பிடித்துக் கையை மேலே தள்ளினார். ஆலோசகரின் கடமை.

ஒலிவாங்கி வந்தது. எழுதி வைத்த தாளை விரித்து முதல் வரியைத் தேடினேன். மேடையில் ஐந்து பேர் மேசைக்குப் பின்னால் இருந்து என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இது எனக்குப் பழக்கமான காட்சி. ஒஸ்லோவில் பிறந்த தமிழ்ப் பிள்ளைகள் எல்லோரும் கடந்து வந்த பேச்சுப்போட்டி. மேசைக்குப் பின்னால் நடுவர்கள், முன்வரிசையில் என் வாயசைவைப் பார்த்துத் தானும் வாயசைக்கும் அம்மா. நான் ஒவ்வொரு வருடமும் முதல் வணக்கத்தைச் சொல்லிவிட்டு அதோடு நின்றுவிடுவேன். ஆனால் அந்த வணக்கம் மட்டும் எனக்கு ஒருநாளும் மறந்ததில்லை.

"முதுகை நிமித்து" என்று அம்மா கீழிருந்து இரகசியமாகச் சொன்னார். "மதிப்பிற்குரிய எண்டு துவங்கு."

நான் துவங்கிவிட்டேன், அக்கா. அப்படியே நோர்வேஜியமொழியில். "மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, நடுநிலை தவறாத நடுவர்களே, மணியோடு காத்திருக்கும் நேரக் கணிப்பாளரே, உங்கள் அனைவருக்கும் எனது பணிவான வணக்கங்கள்." வலது கை தானாகவே எழும்பி, மண்டபத்தை ஒரு சுற்றுச் சுற்றி வந்தது.

இந்த நாட்டில் பிரதமரையே முதற்பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார்கள். மண்டபம் முழுக்கச் சிரித்தது. தலைவர் இடமும் வலமும் திரும்பி நடுவர்களைத் தேடினார். ஓரத்தில் இருந்த நிதி அதிகாரி தன்னைத்தான் நேரக் கணிப்பாளர் என்று நினைத்தாரோ என்னவோ, கைக்கடிகாரத்தைக் கழற்றி மேசையில் வைத்தார்.

இதற்கு மேல் வெட்கப்பட எனக்குள் இடம் இருக்கவில்லை. நிரம்பிவிட்டது. நிரம்பினால் பிறகு ஒன்றும் இல்லை என்று எனக்கு யாரும் முன்பே சொல்லவில்லை. நான் தாளை மடித்துவிட்டுக் கதைத்தேன்.

உங்கள் குழாய் போகும் பாதையில் ஒரு ஊர் இருக்கிறது என்றேன். குழாய்க்குக் காவல் நின்ற சிப்பாய்கள் வீட்டுக்கு ஒரு ஆளை வேலைக்குக் கொண்டுபோனார்கள். அதில் ஒருவன் பெயர் இரத்தினவேல். அப்போது அவனுக்கு, இன்று எனக்கு இருப்பதைவிட ஒரு வயதுதான் கூட. அவன் திரும்பி வரவில்லை. அவனுடைய அக்காவும் நானும் இந்த ஊரில் ஒன்றாகத் துணி மடித்தோம். அங்கே அவர் விரல் கீறியபோது மூன்று பேர் வந்து விசாரித்தார்கள். வேலைக்குப் போன ஒரு முழு ஆள் வராதபோது நீங்கள் யாரை அனுப்பி விசாரித்தீர்கள்? அவனுடைய அக்கா இதைக் கேட்க இப்போது இல்லை. இன்றைய கூட்டக் குறிப்பில் அவன் பெயரை எழுதுங்கள்.

யாரும் சிரிக்கவில்லை. நான் கதிரையில் இருந்தேன்.

தலைவர் நன்றி சொன்னார். மிக முக்கியமான கேள்வி என்றார். தாங்கள் அங்கே யாரையும் நேரடியாக வேலைக்கு அமர்த்தவில்லை என்றார். இதை மிகவும் கடுமையாக எடுத்துக்கொள்கிறார்களாம். பிறகு உரையாடல் என்ற அந்தச் சொல் வந்தது. இரண்டு தரம்.

வெளியே வந்தபோது இறால் தீர்ந்துவிட்டது. அந்த வயதானவர் வெறும் தட்டோடு என்னிடம் வந்தார். "நீ பேசியதைக் கேட்டுக்கொண்டு இருந்துவிட்டேன்" என்றார், குறை சொல்வது மாதிரி. பிறகு தட்டைக் கீழே வைத்துவிட்டு என் கையைப் பிடித்துக் குலுக்கி, "அவன் பெயரை இன்னொரு தரம் சொல்" என்றார். சொன்னேன். அவரும் சொல்லிப் பார்த்தார். பிழையாகத்தான் சொன்னார், ஆனால் முழுவதும் சொன்னார்.

ரயிலில் அம்மா அட்டையைக் கழற்றவில்லை. சின்ன மாமாவைப் பற்றி உங்களுக்குச் சொல்லியிருக்கிறேன்தானே, யாழ்ப்பாணத்தில் சோதனைச் சாவடிக்குப் போய் வராத அம்மாவின் தம்பி. அம்மருட் வருவதற்குக் கொஞ்சம் முன்னால் அம்மா கேட்டார்.

"பிள்ளை, உன்ரை மாமாவைப் பற்றி எந்தக் கம்பனியிலை போய்க் கேக்கிறது?"

அக்கா, நீங்கள் இருந்தால் என்ன சொல்லியிருப்பீர்கள்?

சில வாரங்களில் கூட்டக் குறிப்பு வந்தது. "ஒரு பங்குதாரர் பர்மா தொடர்பாகக் கருத்துத் தெரிவித்தார்." அவ்வளவுதான். இரத்தினவேல் இல்லை. முகாமில் சொன்ன மாதிரியே, அப்படி ஒரு ஆள் வரவில்லை.

நான் மூன்று நாள் அந்தத் தாளோடு திரிந்தேன். பிறகு, நம்புவீர்களோ தெரியாது, தொலைபேசி எடுத்தேன். பீட்சாவுக்குக்கூட அம்மாவைக் கதைக்க விடுகிறவள், கம்பனி அலுவலகத்துக்கு எடுத்துப் பெயரை ஏன் எழுதவில்லை என்று கேட்டேன். அங்கிருந்த பெண் பொறுமையானவர். கேள்விகளை விபரமாக எழுதுவதில்லை என்றார். முன்மொழிவு வந்து வாக்கெடுப்பு நடந்தால்தான் முழுமையாக எழுதுவார்களாம்.

"யாரும் முன்மொழியலாமா?"

"பங்குதாரர் யாரும். நேரத்தோடு எழுத்தில் தர வேண்டும்."

"அது தோற்றுப்போனால்?"

"தோற்றதையும் எழுத வேண்டும். முன்மொழிவு சொல்லுக்குச் சொல், பிறகு முடிவு."

நான் நன்றி சொல்லி வைத்துவிட்டேன். பிறகு சிரித்தேன். அம்மா அகப்பையோடு ஓடி வந்து, "என்னடி, ஆருக்கு என்ன நடந்தது?" என்று கேட்கும் வரைக்கும் சிரித்தேன்.

அடுத்த வருடக் கூட்டத்துக்கு முன்மொழிவை எழுதி அனுப்பிவிட்டேன், அக்கா. "குழாய்ப் பாதையில் சுமை தூக்கக் கொண்டுபோகப்பட்டுத் திரும்பி வராத இரத்தினவேலைக் கம்பனி தேட வேண்டும்." அப்பாதான் எழுத்துப்பிழை பார்த்தார். "பர்மாவும் வேணுமோ" என்று இந்தமுறை கேட்கவில்லை. உங்கள் ஊரின் பெயரையும் சேர்க்கச் சொன்னார், சேர்த்தேன்.

இது தோற்கும். எனக்குத் தெரியும். என் ஒரு வாக்குக்கு எதிராக அவர்களிடம் கோடிக்கணக்கில் இருக்கின்றன. ஆனால் அவனை வேண்டாம் என்று சொல்லக்கூட அவர்கள் முதலில் அவன் பெயரை எழுத வேண்டும். எழுதி, தலைவர் கீழே கையெழுத்துப் போட வேண்டும். அடுத்த வருடம் தோற்றால் அதற்கு அடுத்த வருடமும் கொண்டுபோவேன். அப்போது மறுபடியும் எழுதுவார்கள். கை உளைந்து, எழுதுவதைவிடத் தேடுவது சுகம் என்று அவர்களுக்குத் தோன்றும்வரைக்கும் நான் விடமாட்டேன், அக்கா. இதை உங்களுக்கு வாயால், சத்தமாகத்தான் சொல்கிறேன்.

இரத்தினவேலுக்கும் இனி அக்காவாகிவிட்ட,
உங்கள் தங்கை
துஷா